எனக்கு எந்தப் பயிற்சி, எந்தச் சாப்பாடு? பன்னிரண்டு வாரத்தில் கண்டுபிடிக்கும் வழி

கேள்வியின் சுருக்கம்: வயது 36, உயரம் 172 செ.மீ., எடை 81 கிலோ (70க்கு வர ஆசை), வயிற்றுச் சுற்றளவு 97 செ.மீ. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. வீட்டில் சைவம். முட்டை உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகையில் அதுவும் கிடையாது. ஒரே வருடத்தில் ஐந்து நாள் ஸ்பிளிட் (நாளுக்கு ஓர் உடல் பாகம் என்று பிரித்துச் செய்யும் எடைப் பயிற்சி), கீட்டோ (மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும் சாப்பாடு), பதினாறு மணி நேரப் பட்டினி என்று மூன்றையும் பார்த்தாயிற்று. ஆறு கிலோ இறங்கி, ஆறும் திரும்ப ஏறிவிட்டது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கென்று ஒரு முறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் பயிற்சி, சாப்பாடு, சாப்பிடும் நேரம் எல்லாம் ஒரே திங்கட்கிழமையில் மாறியிருக்கிறது. அப்படி மாற்றினால் எது உதவியது, எது காலை வாரியது என்று பிற்பாடு பிரித்துப் பார்க்க முடியாது. எனவே நான்காவதாக ஒரு பெரிய திட்டத்தை நீட்டப் போவதில்லை. சாதாரணமான ஒன்றில் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உங்கள் உடம்பு என்ன பதில் சொல்கிறது என்று எழுதிவைக்கும் முறையைச் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 585 பேருக்கு 12 வாரம் ஒரே மாதிரியான கைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கோடியில் இருந்தவருக்குத் தசை 59 சதவீதம் பெருத்தது. மறு கோடியில் இருந்தவருக்கு 2 சதவீதம் குறைந்தே போனது. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரைக் கொழுப்பு குறைத்த உணவு, மாவுச்சத்து குறைத்த உணவு என்று இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்த ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு பக்கம் 5.3 கிலோ, மறுபக்கம் 6 கிலோ குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்திலும் முப்பது கிலோ வரை இளைத்தவர்களும் இருந்தார்கள், பத்து கிலோ வரை ஏறியவர்களும் இருந்தார்கள். யாருக்கு எது ஒத்துவரும் என்று மரபணுவை வைத்தோ இன்சுலின் சுரப்பை வைத்தோ முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா என்றும் பார்த்தார்கள். முடியவில்லை. ஆகவே எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் ‘உங்கள் ஜீனுக்கேற்ற டயட்’ தருகிறோம் என்கிற விளம்பரத்துக்குக் காசு கட்ட வேண்டாம்.

கீட்டோவில் முதல் இரண்டு வாரம் மளமளவென்று இறங்கியிருக்குமே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தசையிலும் கல்லீரலிலும் சுமார் 400 முதல் 500 கிராம் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோற்றையும் இட்லியையும் நிறுத்தினால் இந்தச் சேமிப்பு கரைந்து, ஒன்றரை இரண்டு கிலோ கொழுப்பே கரையாமல் இறங்கிவிடும். திரும்ப இட்லி சாப்பிட்ட வாரமே ஏறியும் விடும். உங்கள் ஆறு கிலோவில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர்தான்.

ஆரம்பிக்கும் முன் ஒரு நாள் செலவழித்து ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சைவம் என்பதால் வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இந்திய ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ. தாண்டினாலே சர்க்கரை, இதய நோய் பற்றிக் கவனிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் 97. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால், சோற்றைக் குறைக்கும்போது சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு. மாத்திரை அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்றால் ஜிம் அப்புறம், மருத்துவர் முதலில்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். இதுதான் பலருக்குப் பிடிக்காத பகுதி, ஆனால் இதை விட்டால் மற்றதற்கு அர்த்தமில்லை. தினமும் காலையில் கழிவறை போய்வந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன், எடை பாருங்கள். நாள் கணக்கை நம்பாதீர்கள். முந்தின இரவு அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டிருந்தாலே மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் அந்த வாரத்தின் எடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயிற்றுச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல்.

சாப்பாட்டையும் எழுதுங்கள். சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி, ஒரு வாரம் மட்டும் சோற்றை நிறுத்துப் போடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக் கரண்டியில் எத்தனை கரண்டி எத்தனை கிராம் என்று கைக்கே தெரிந்துவிடும். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. மூன்று சப்பாத்தி, ஒவ்வொன்றும் 30 கிராம் மாவு, மேலே கொஞ்சம் எண்ணெய் என்றால் 250 கிராம் சோற்றுக்குச் சமம். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் இளைத்துவிடும் என்று ஊரே நம்புகிறது. அளவு குறையாதவரை அதில் ஒன்றும் நடக்காது. எண்ணெயை மாதக் கணக்கில் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்ந்தால், தலைக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, ஏறக்குறைய 275 கலோரி. தாளிப்பு, தோசைக்கல், அப்பளம் எல்லாம் அதில் அடக்கம். யாரும் எண்ணாத கலோரி இதுதான்.

மூன்றாவது வாரம் பயிற்சியை மாற்றுங்கள், சாப்பாட்டைத் தொடாதீர்கள். ஐந்து நாள் ஸ்பிளிட் உங்களுக்குப் பொருந்தாததற்குக் காரணம் தசை அறிவியல் இல்லை, நாட்காட்டி. திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு என்று பிரித்துவிட்டு, வேலையால் இரண்டு நாள் தவறினால் அந்த வாரம் காலுக்கும் தோளுக்கும் ஒன்றுமே கிடையாது. மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு என்றால், ஒரு நாள் தவறினாலும் எதுவும் விட்டுப்போகாது.

இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் கோப்லெட் ஸ்குவாட் (டம்பெல்லை மார்போடு பிடித்து உட்கார்ந்து எழுவது), டம்பெல் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து மேலே தள்ளுவது), லாட் புல்டவுன் (மேலிருக்கும் கம்பியை மார்புக்கு இழுப்பது), பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது). இரண்டாவதில் ரொமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்து, முதுகு நேராக, இடுப்பில் குனிந்து நிமிர்வது), டம்பெல் ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), கேபிள் ரோ (கேபிளை வயிற்றை நோக்கி இழுப்பது), லெக் பிரஸ் (மெஷினில் காலால் தள்ளுவது). இந்த வாரம் ஒன்று-இரண்டு-ஒன்று என்றால் அடுத்த வாரம் இரண்டு-ஒன்று-இரண்டு. ஒவ்வொன்றும் மூன்று செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்; பிளாங்குக்கு ரெப் கிடையாது, அசையாமல் தாங்குவதுதான்), பெரிய பயிற்சிகளுக்கு நடுவே இரண்டிலிருந்து மூன்று நிமிட ஓய்வு. மணி பார்த்து ஓய்வெடுங்கள். நாற்பது வினாடியில் அடுத்த செட்டுக்குத் தாவினால் தசைக்கு முன்னால் மூச்சு தோற்றுப்போகும். எந்த எடையில் தொடங்குவது என்றால், செட் முடியும்போது ‘இன்னும் இரண்டு ரெப் நல்லபடியாக வந்திருக்கும்’ என்று தோன்றும் எடை. பத்து ரெப் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு அரட்டை அடிக்க முடிந்தால் எடை பத்தவில்லை. கடைசி ரெப்பில் முதுகு வளைந்தால் எடை அதிகம்.

எடையைப் படிப்படியாகக் கூட்டுவது புதிதல்ல. 1940களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், போரில் காயம்பட்டு மூட்டு பலம் இழந்த சிப்பாய்களுக்கு, பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கணக்காக வைத்துச் சிகிச்சை கொடுத்து, 1945இல் அதைப் பற்றி எழுதினார். ஜிம்களில் இன்றும் ‘பத்து பத்தாக’ எண்ணும் வழக்கத்துக்கு அதில் ஒரு வேர் இருக்கிறது. உங்கள் நோட்டில் அது இப்படி இருக்கும். டம்பெல் பெஞ்ச் 14 கிலோ: முதல் நாள் 10, 9, 8. அடுத்த முறை 11, 10, 8. பிறகு 12, 11, 10. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகுதான் 16 கிலோ. அப்போது ரெப் திரும்ப 8, 9க்கு இறங்கும். அது பின்னடைவு இல்லை, கணக்கே அப்படித்தான்.

இங்கே சிக்கல் பெரும்பாலும் ஜிம்மின் பிளேட்டில் வரும். பார்பெல்லுக்கு (இரண்டு பக்கமும் பிளேட் மாட்டும் நீளக் கம்பி) இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ என்றால், இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. ஸ்குவாட்டுக்குச் சரி, 25 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்கு அது இருபது சதவீத ஏற்றம், யாராலும் தாங்க முடியாது. ‘தோள் வளரவே மாட்டேங்குது’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம் என்பேன். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் எடையையும் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். முழு நீளக் கம்பி 20 கிலோ என்பது போட்டிக் கணக்கு. சாதாரண ஜிம்மில் 8, 10, 15 என்று எதுவாகவும் இருக்கும்.

எந்தப் பயிற்சி உங்கள் எலும்பமைப்புக்கு ஒத்துவருகிறது என்பதையும் இந்த வாரங்களில்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடை எலும்பு நீளமானவர் ஸ்குவாட் போட்டால் உடம்பு முன்னால் சாயத்தான் செய்யும். அதைத் தப்பு என்று ட்ரெய்னர் அதட்டினால் மாறிவிடாது. குதிகாலுக்கு அடியில் இரண்டு சின்ன பிளேட் வைத்துப் பாருங்கள்; உடனே நிமிர்ந்தால் கணுக்கால் இறுக்கமும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். பிளேட் வைத்தே தொடரலாம். கை தூக்கும்போது தோள் முன்பக்கம் குத்துகிறது என்றால் ஓவர்ஹெட் பிரஸ்ஸை விட்டுவிட்டுச் சாய்வு பெஞ்சில் டம்பெல் பிரஸ் போடுங்கள். எந்தப் பயிற்சியும் கட்டாயம் இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது சாதாரணம். மூட்டில் சுருக்கென்று குத்துவது, கால் மரத்துப்போவது சாதாரணம் இல்லை. அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாவது வாரம் புரதம். நீங்கள் எழுதியிருப்பது போன்ற ஒரு நாளைக் கணக்குப் போடுவோம். காலை நான்கு இட்லி, சாம்பார், சட்னி: 11 கிராம். மதியம் 400 கிராம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், தயிர்: 20 கிராம். இரண்டு டீ, 6. இரவு மூன்று சப்பாத்தி, குருமா: 13. மொத்தம் 50 கிராம். சாதாரண வாழ்க்கைக்கே எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை, அதாவது 67 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களில் தசை வளர்ச்சி கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் நிரவிவிடுகிறது, அதற்கு மேல் போட்டாலும் பெரிய பலன் இல்லை என்று 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். கூடுதல் கொழுப்பு உள்ளவர் இன்றைய எடைக்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. அடைய நினைக்கும் 70 கிலோவுக்குப் போட்டால் 110 கிராம் வரும். 100 வந்தாலே சந்தோஷப்படலாம்.

சாம்பாரை நம்ப வேண்டாம். காய்ந்த துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் இருப்பது உண்மைதான், ஆனால் ஒரு கரண்டி சாம்பாரில் எவ்வளவு பருப்பு கிடக்கிறது என்று பாருங்கள். மூன்று கிராம் தேறினால் அதிகம். வீட்டில் உங்களுக்கென்று தனிச் சமையல் நடந்தால் அது மூன்று வாரத்துக்கு மேல் ஓடாது, ஆகவே இருக்கிற சாப்பாட்டில் பொருளை மட்டும் மாற்றுங்கள். காலையில் ஒரு இட்லியைக் குறைத்து மூன்று அவித்த முட்டை: 18 கிராம். மாலை பஜ்ஜிக்குப் பதில் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 150 கிராம்: 13. இரவுக் குருமாவில் உருளைக்கிழங்குக்குப் பதில் மீல்மேக்கர் என்கிற சோயா உருண்டை, காய்ந்த நிலையில் 40 கிராம்: 20. தயிர் கூடுதலாக 150 கிராம்: 5. மொத்தம் நூறைத் தாண்டிவிட்டது. முட்டை இல்லாத வெள்ளிக்கிழமையில் 100 கிராம் பன்னீர் அதே 18 கிராமைக் கொடுக்கும், ஆனால் கொழுப்பும் கூடவே வரும். அன்றைக்கு எண்ணெயைக் குறையுங்கள்.

சோயாவை முதல் நாளே 40 கிராம் போட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். 20 கிராமில் தொடங்கி, கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்து போடுங்கள். பச்சை வாடையும் போகும். கடலையைப் பத்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். சோயா சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்ற பேச்சு ஜிம்மில் கட்டாயம் காதில் விழும். இந்த அளவில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவதாக ஆய்வுத் தொகுப்புகள் எதுவும் காட்டவில்லை.

ஜிம்மில் எல்லோரும் சொல்லும் வே புரோட்டீன் பொடி ஒரு பால் பொருள், மருந்து இல்லை. நாள் முடிவில் 20 கிராம் குறைகிறது என்றால் ஒரு ஸ்கூப் வசதி, அவ்வளவே. வாங்கினால் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மீதிக்கு மாவையும் சர்க்கரையையும் வாங்குகிறீர்கள். எடை கூட்டுவதற்கென்றே விற்கும் ‘மாஸ் கெய்னர்’ உங்களுக்கு அறவே வேண்டாம். லேபிள் இல்லாத டப்பாவையோ, ‘சும்மா பி-காம்ப்ளெக்ஸ்தான்’ என்று ஊசியையோ யாராவது நீட்டினால் ஜிம்மை மாற்றுங்கள்.

ஏழாவது வாரம்தான் குறைப்பு. மதியச் சோறு 400லிருந்து 250 கிராம்: 195 கலோரி மிச்சம். எண்ணெயில் பத்து மில்லி: இன்னொரு 80. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற கணக்கில் இது வாரத்துக்கு 250 கிராம்தான் வரும். இதைவிட வேகமாக வேண்டும் என்றால் வாரம் 400 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். நாளுக்கு நாள் ஒரு கிலோ ஆடுகிற தராசில் 250 கிராம் இறக்கம் மூன்று வாரச் சராசரியில்தான் தெரியும். இரண்டாவது வாரமே ‘ஒத்துவரவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள், வேலை செய்துகொண்டிருந்த முறையை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது நோட்டைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். உங்களுக்கான முறை இங்கேதான் கிடைக்கும். எடைச் சராசரி அப்படியே நிற்கிறது, வயிறு குறைகிறது, தூக்கும் எடை ஏறுகிறது என்றால் கையே வைக்காதீர்கள். கொழுப்பு போய்த் தசை வருகிறது. மூன்று வாரம் எடையும் வயிறும் இரண்டுமே நின்றுபோய், தூக்குவது மட்டும் ஏறினால் இன்னும் 150 கலோரி குறையுங்கள். எடை இறங்குகிறது, கூடவே இரண்டு பயிற்சி நாள் தொடர்ந்து ரெப்பும் இறங்குகிறது என்றால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள், தூக்கம் சரி என்றால் குறைத்ததில் பாதியைத் திரும்பச் சேருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பயிற்சி மட்டும் நான்கு வாரம் அசையவில்லை என்றால் அந்தத் தசைக்கு வாரம் இரண்டு செட் கூட்டிப் பாருங்கள். கூட்டியதும் ரெப் குறைந்தால் உங்கள் உடம்பு அவ்வளவு செட்டை விரும்பவில்லை. பழைய எண்ணிக்கைக்கே வந்துவிடுங்கள். சிலர் வாரம் எட்டு செட்டில் நன்றாக ஏறுவார்கள், சிலருக்குப் பதினாறு வேண்டும். வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது.

தூக்கத்தைச் சும்மா சொல்லவில்லை. 2010இல் பத்துப் பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு ஒன்றில், ஒரே அளவு சாப்பாட்டைக் குறைத்து, எட்டரை மணி நேரமும் ஐந்தரை மணி நேரமும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். தூக்கம் குறைந்தபோது மொத்த எடை இறக்கம் மாறவில்லை, ஆனால் அதில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய், தசை கூடுதலாகக் கரைந்தது. இரவு பதினொரு மணிக்கு அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் இருக்கும் நாளுக்கு மறுநாள் காலை ஐந்து மணி ஜிம் வேண்டாம். மாலைக்குத் தள்ளுங்கள்.

கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (தசைக்குச் சட்டென்று சக்தி கொடுக்க உதவும் துணைப்பொடி) எடுப்பதென்றால் தினம் 3 முதல் 5 கிராம், சைவர்களுக்குத் தசையில் இருப்பு குறைவு என்பதால் பலன் சற்றுக் கூடவே தெரியும். ஆனால் முதல் சில வாரத்தில் தண்ணீரால் ஒரு கிலோ வரை ஏறலாம். அதைச் சோறு குறைக்கிற அதே வாரத்தில் தொடங்கினால் உங்கள் மூன்று வாரச் சராசரி குட்டிச்சுவர். பன்னிரண்டாவது வாரம் முடிந்து தொடங்குங்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். மருத்துவரிடம் இதை எடுக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பதினாறு மணி நேரப் பட்டினியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் மந்திரம் கிடையாது, சாப்பிடும் வேளை குறைவதால் அளவு குறைகிறது. காலையில் உங்களுக்கு இயல்பாகவே பசி இல்லை என்றால் நல்ல கருவி. பசி இருந்தும் அடக்கினீர்கள் என்றால், மதியம் சோற்றுக்கரண்டி இரண்டு தடவை கூடப் போயிருக்கும், தவிர இரண்டு வேளைக்குள் நூறு கிராம் புரதத்தைச் சைவத்தில் திணிப்பதும் கஷ்டம். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் இதைத் தனியாக நான்கு வாரம் சோதிக்கலாம்: பயிற்சி, சோற்றின் அளவு, புரதம் எதையும் தொடாமல், காலை உணவு நேரத்தை மட்டும் பதினொரு மணிக்குத் தள்ளி, வாரச் சராசரியும் பெஞ்ச் பிரஸ் ரெப்பும் பழைய நான்கு வாரத்தோடு எப்படி நிற்கின்றன என்று அடுத்தடுத்த பக்கத்தில் எழுதுங்கள். நடுவில் தீபாவளியோ கல்யாண வீடோ வந்தால் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு வாரம் நீட்டிக்கொள்ளுங்கள்.